பழைய வண்டியும் புதிய விளக்கும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஒளியைச் செய்து விற்றுப் பிழைக்கும் மண் நம்முடையது. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அன்று தொடங்கிய தொழில் மத்தாப்பு, பூச்சட்டி, வாணம் என்று வளர்ந்து, இந்தக் கரிசல் பூமிக்குச் சோறு போட்டது. ஸ்ட்ரான்சியம் சிவப்பைத் தரும், அலுமினியப் பொடி வெள்ளையைத் தரும் என்பது நமக்கு வகுப்பறைப் பாடம். பெயர் தெரியாவிட்டாலும், எந்த மருந்து எந்த நிறத்தில் எரியும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குக் கைப்பழக்கம்.

ஒளியைப் பற்றி இவ்வளவு அறிந்த ஊரில், இருட்டிய பிறகு சாலையில் நடப்பதற்கு மக்கள் அஞ்சுகிறார்கள். விருதுநகரிலிருந்து ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகச் சிவகாசிக்குச் செல்லும் சாலையையோ, சிவகாசியிலிருந்து சாத்தூருக்குச் செல்லும் சாலையையோ எண்ணிப் பாருங்கள். எதிரே வரும் வண்டியின் வெள்ளை விளக்கு முகத்தில் அறைகிறது. வண்டி கடந்த பிறகும் சற்று நேரம் ஒன்றும் தெரிவதில்லை. சாலையின் ஓரமும் ஓடையும் ஒன்றாகி விடுகின்றன.

புதிய வண்டிகளைப் பற்றி நான் இங்கே எழுத வரவில்லை. பழைய அம்பாசடர் கார், பழைய ஜீப், பழைய வேன் ஆகியவற்றில் மஞ்சள் பல்பைக் கழற்றிவிட்டு, அதே கூட்டில் எல்.இ.டி. பல்பைச் செருகும் வழக்கத்தைப் பற்றியே எழுதுகிறேன். பத்து நிமிட வேலை, செலவும் அதிகமில்லை. 'வண்டிக்குப் புதுக் கண் வந்துவிட்டது' என்று உரிமையாளர் மகிழ்கிறார். அந்த மகிழ்ச்சியில் பாதி மட்டுமே நியாயம் என்பது என் கருத்து. ஏன் என்று விளக்குகிறேன்.

பழைய விளக்கு மங்குவது ஏன்?

அம்பாசடர் கார் மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 1950-களின் இறுதி முதல் 2014 மே மாதம் வரை தயாரிக்கப்பட்டது. இன்றும் நம் பக்கத்தில் திருமணத்திற்கும் கோயில் கொடைக்கும் வாடகைக்கு ஓடும் அம்பாசடர்கள் உண்டு. அதன் ஏழு அங்குல வட்ட விளக்கு, மாலை ஏழு மணிக்கு மெழுகுவத்தி போலத்தான் எரிகிறது. பல்பு பழையது, மாற்றினால் சரியாகிவிடும் என்பதே எல்லோருடைய முடிவும்.

இயற்பியல் வேறு பதில் தருகிறது. டங்ஸ்டன் இழை தரும் ஒளி, அதற்குக் கிடைக்கும் மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4 அடுக்கில் கூடிக் குறையும். மின்னழுத்தம் சிறிது குறைந்தாலும் வெளிச்சம் பெரிதாகக் குறைந்துவிடும். பழைய வண்டிகளில் முகப்பு விளக்கின் மின்னோட்டம் முழுவதும், அதாவது ஏறத்தாழ 10 ஆம்பியர், டேஷ்போர்டிலுள்ள சுவிட்சு வழியாகவும், காலால் மிதிக்கும் டிம் சுவிட்சு வழியாகவும் சென்று வருகிறது. நாற்பது, ஐம்பது ஆண்டு ஒயர்; பச்சைக் களிம்பு பிடித்த முனைகள்; துருப்பிடித்த எர்த். வழியெங்கும் சுங்கம் செலுத்திவிட்டு, மிச்சமிருப்பதுதான் பல்புக்குப் போய்ச் சேருகிறது.

என் தந்தையார் ஓட்டுநர். ஒரு குடும்பத்தாருக்குச் சொந்தமான அம்பாசடர் வண்டியை ஓட்டுகிறார். அந்த வண்டிக்கு என்னைவிட இரண்டு மடங்குக்கு மேல் வயது. உரிமையாளரின் அனுமதியோடு ஒரு விடுமுறை நாளில் மல்டிமீட்டரை வைத்து அளந்து பார்த்தேன். விளக்கு எரியும்போது பேட்டரியில் 12.4 வோல்ட், பல்பு ஹோல்டரில் 10.6 வோல்ட். கணக்கிட்டுப் பாருங்கள். பத்துப் பங்கு வெளிச்சத்தில் நான்கு பங்குக்கு மேல் ஒயரிலேயே தொலைந்து விட்டது. பிறகு தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் பேட்டரியிலிருந்து நேராகப் புதிய ஒயர் இழுத்து, பியூசும் இரண்டு ரிலேயும் வைத்து, எர்த்தைச் சுரண்டி முடுக்கினார். ஹோல்டரில் 12 வோல்ட் வந்தது. அதே பல்பு, அதே கூடு. வெளிச்சம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ரிப்ளெக்டரின் வெள்ளிப்பூச்சு மங்கியிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். கறுத்த கண்ணாடியின் முன்னே எந்த விளக்கை ஏற்றினாலும் பயனில்லை.

நோய் ஒயரில் இருக்க, மருந்தைப் பல்புக்குக் கொடுக்கிறோம் என்பதே என் முதல் வாதம்.

இழையும் சில்லும்

எல்.இ.டி. நம் காலத்தின் பெரும் அறிவியல் சாதனைகளுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. 1962-ல் நிக் ஹோலோன்யாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி.யை உருவாக்கினார். நீல ஒளி கிடைக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. அதைச் சாதித்த ஜப்பானில் பிறந்த மூவர், இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, சுஜி நாகமுரா, 2014-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்கள். நீலச் சில்லின் மேல் மஞ்சள் ஒளிர்பொருளைப் பூசினால் வெள்ளை ஒளி பிறக்கிறது. நம் வீட்டுக் கூடத்தில் எரியும் விளக்கும் அதுவே.

முகப்பு விளக்கு கூடத்து விளக்கைப் போன்றதன்று. மத்தாப்பின் அழகு எல்லாத் திசையிலும் சிதறுவதில் இருக்கிறது. முகப்பு விளக்கின் அறிவு, வேண்டிய திசையில் மட்டும் செல்வதில் இருக்கிறது.

எச்-4 என்னும் ஹாலஜன் பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதனுள் இரண்டு இழைகள். ஒன்று 'பிரைட்', மற்றொன்று 'டிம்'. டிம் இழையின் கீழே ஒரு சிறிய உலோகக் கிண்ணம் உண்டு. இழையின் கீழ்ப்பக்கம் புறப்படும் ஒளியை அது தடுத்துவிடும். தடுக்காவிட்டால் அந்த ஒளி ரிப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் பட்டு மேல்நோக்கிப் பாய்ந்து, எதிரே வருபவரின் கண்ணில் விழும். இழை சில மில்லிமீட்டர் நீளமே உள்ள மெல்லிய கோடு. பரவளையக் கண்ணாடியின் குவியத்தைக் கணக்கிட்டு அதன் இடத்தை வைத்திருக்கிறார்கள். ஓரிரு மில்லிமீட்டர் பிசகினாலும் சாலையில் ஒளி விழும் இடம் மாறிவிடும்.

எல்.இ.டி. பல்பில் இழை இல்லை. ஒரு தட்டையான உலோகப் பட்டையின் இருபுறமும் சதுரச் சில்லுகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. பட்டையின் தடிமன் காரணமாக இரண்டு பக்கச் சில்லுகளும் ஒரே குவியத்தில் நிற்க முடியாது. சில்லு இரு பக்கமும் பலமாக ஒளி வீசும். பட்டையின் விளிம்புப் பக்கம் மங்கலாகவே வீசும். இழைக்கென்று வடித்த கண்ணாடிக்கு இது அந்நியம். ஒளிக்கு மேல்வரம்பு கட்டும் கோடு கலைகிறது. கொஞ்சம் மேலே போகிறது, கொஞ்சம் பக்கத்தில் சிதறுகிறது. புகையோ பனியோ உள்ள இரவில் மேலே போன ஒளி அந்தத் துகள்களில் பட்டுத் திரும்பி, ஓட்டுபவருடைய கண்ணையே மறைக்கும். நன்றாகச் செய்த சில பல்புகள் இழையின் இடத்தை நெருங்கி வருகின்றன என்பதும் உண்மை. எது நெருங்குகிறது, எது நெருங்கவில்லை என்பதை அட்டைப்பெட்டி சொல்லாது.

பெட்டியில் எழுதிய கணக்கு

அட்டைப்பெட்டி வேறொன்று சொல்கிறது. கடையொன்றில் நான் பார்த்த பெட்டியில் '20,000 லூமன்' என்றும் '30 வாட்' என்றும் அச்சிட்டிருந்தது. ஒரு வாட்டுக்கு 667 லூமன் ஆகிறது. மனிதக் கண்ணுக்கு மிக ஏற்ற 555 நானோமீட்டர் பச்சை ஒளியில், ஆற்றல் சிறிதும் வீணாகாமல் ஒளியாக மாறினால்கூட, ஒரு வாட்டுக்கு 683 லூமனே கிடைக்கும். வெள்ளை ஒளிக்கு அந்த அளவு எட்டாக்கனி. சோதித்துச் சான்று பெற்ற எச்-4 பல்பு டிம்மில் ஏறத்தாழ 1,000 லூமனும், பிரைட்டில் 1,650 லூமனும் தருகிறது. சரியாகக் குவித்தால் சாலைக்கு அது போதும். இரண்டாமாண்டு மாணவன் ஒரு வகுத்தல் கணக்கில் கண்டுபிடிக்கும் பொய்யைப் பெட்டியில் அச்சிட்டு விற்கிறார்கள் என்றால், வாங்குபவர்கள் கணக்குப் போடமாட்டார்கள் என்ற நம்பிக்கைதானே காரணம்?

எல்.இ.டி.யின் நன்மையையும் மறைக்கக் கூடாது. 55 வாட் இழை செய்யும் வேலையை 20, 25 வாட்டில் அது செய்கிறது. டைனமோ உள்ள பழைய வண்டிக்கு இது பெரிய உதவி. ஒயர் சூடேறுவதும் குறையும். ஆனால் பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகள் சிலவற்றில் பேட்டரியின் நேர்முனையை எர்த் செய்திருப்பார்கள். இழைக்கு முனை பேதமில்லை, எல்.இ.டி.க்கு உண்டு. முனை மாறினால் அது எரியாது. சில்லின் வெப்பத்தை வெளியேற்ற வேண்டிய விசிறி, காற்றோட்டமில்லாத பழைய விளக்குக் கூட்டுக்குள் நம் சித்திரை வெயிலையும் சேர்த்துத் தாங்க வேண்டியிருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

எதிரே வருபவரின் கண்

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கும். கூசிய கண் தெளிய மூன்று விநாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநர் 50 மீட்டர் தூரத்தைக் குருடராகவே கடக்கிறார். வயதானவர்களுக்கு இன்னும் அதிக நேரம் ஆகும். கண்புரை தொடங்கிய கண்ணில் ஒளி உள்ளேயே சிதறி, திரைபோட்டது போலாகிவிடும். 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியதும், அது இன்று இவ்வளவு பெரிதாக வளர்ந்து நிற்பதும், நம் தென்மாவட்டங்களில் கண்புரை எவ்வளவு பரவலானது என்பதற்குச் சான்று. அந்த நோயாளிகளும் நம் சாலையில்தான் நடக்கிறார்கள், மிதிவண்டி ஓட்டுகிறார்கள்.

கரிசல் மண் ஒளியை விழுங்கும் மண். சாலையின் இருபுறமும் சீமைக் கருவேலங்காடு. ஓரமாக நடப்பவர் கறுப்புத் திரையின் முன் கறுப்பு நிழல். பட்டாசு ஆலையில் வேலை முடிந்து, வேனிலிருந்து மெயின் ரோட்டில் இறங்கித் தூக்குச் சட்டியோடு ஊருக்குள் நடக்கும் பெண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். என் தாயார் அவர்களுள் ஒருவர். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் ஆறு மணிக்கே இருட்டி விடும். நாளெல்லாம் வெடிமருந்தோடு இருந்து, உரசல் வராமல், பொறி பறக்காமல் உயிரைக் காத்துக்கொண்டு வெளியே வருபவர்கள், சாலையில் ஒருவர் பத்து நிமிடத்தில் மாட்டிய பல்பால் உயிருக்கு அஞ்ச வேண்டுமா? அவர்களிடம் விளக்கும் இல்லை. எதிர்த்து அடிக்க பிரைட்டும் இல்லை.

என் தந்தையார் கேட்ட கேள்வியையும் சொல்லிவிட வேண்டும். "எதுத்தாப்புல வர்றவன் பூராம் வெள்ளை லைட்டப் போட்டு அடிக்கிறான். நான் மட்டும் ஒழுங்கா டிம் போட்டு என்னய்யா ஆகப் போகுது?" என்றார். ரிலே மாட்டியதும் "ரோடு தெளிவாத்தான் தெரியுது" என்று ஒப்புக்கொண்டவர்தான் அவர். ஆனாலும் அவருடைய கேள்வி நியாயமானது. அடுத்தவர் மாட்டியதால் நான் மாட்டுகிறேன்; நான் மாட்டியதால் அடுத்தவர் இன்னும் பெரிதாக மாட்டுகிறார். திருவிழாவில் ஒலிபெருக்கி வைப்பவர்கள் போட்டி போட்டால் யார் பாட்டும் யார் காதிலும் விழாது. ஒளியிலும் அதுவே நடக்கிறது. இந்தப் போட்டியைத் தனி ஒருவர் நிறுத்த முடியாது. சட்டமும் ஊரும் சேர்ந்தே நிறுத்த வேண்டும்.

சட்டம் உறங்கவில்லை; நாம்தான்

1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆம் விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. முன்விளக்கின் ஒளி நிலையாகக் கீழ்நோக்கித் தாழ்ந்திருக்க வேண்டும். விளக்கிலிருந்து 8 மீட்டர் தூரத்தில், வண்டியின் வலப்புற ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கண் கூசக் கூடாது. தயாரிப்பாளரின் மூல வரையறைக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்பெல்லாம் விளக்குக் கண்ணாடியின் நடுவே திருஷ்டிப் பொட்டு போலக் கருப்பு வட்டம் வைக்கும் வழக்கம் இருந்தது. பொட்டு ஒளியைக் கொஞ்சம் மறைக்குமே தவிர, ஒளி போகும் திசையைத் திருத்தாது. இருந்தாலும் 'எதிரே ஒருவர் வருகிறார்' என்ற நினைப்பாவது அதில் இருந்தது.

2021 ஜூலையில் நடுவண் அரசு, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, மூல வடிவம் மாறாத வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. அவற்றின் எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். பழமையைப் போற்றுவது என்று அரசே முடிவு செய்த பிறகு, அந்த வண்டியின் முகத்திலுள்ள கண்ணையும் அதன் இயல்போடு காப்பது பொருத்தம் அல்லவா?

பிரிட்டனில் 2021 முதல், 1986 ஏப்ரல் 1-க்குப் பின் பயன்பாட்டுக்கு வந்த கார்களின் ஹாலஜன் கூட்டில் எல்.இ.டி. பல்பு இருந்தால் ஆண்டுச் சோதனையில் தேறாது. அதற்கு முந்திய பழைய கார்களுக்கு விலக்கு உண்டு; ஆனால் ஒளி விழும் இடம் சரியாக இருக்க வேண்டும். ஜெர்மனியில் 2020-ல் ஆஸ்ராம் நிறுவனத்தின் எல்.இ.டி. பல்புக்கு அனுமதி கிடைத்தது. அதுவும் சோதித்துப் பட்டியலிட்ட வண்டி மாதிரிகளுக்கு மட்டுமே. இரு நாடுகளும் புதுமையைத் தடுக்கவில்லை. ஒளி எங்கே விழுகிறது என்பதைச் சோதித்துவிட்டு அனுமதிக்கின்றன.

நாம் செய்யக்கூடியது

பழைய வண்டி வைத்திருப்போருக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் ஒயர், எர்த், ரிலே. அடுத்து ரிப்ளெக்டர். பிறகு தரமான ஹாலஜன் பல்பு. அதற்குப் பிறகும் எல்.இ.டி. வேண்டுமென்றால், பல்பை மட்டும் மாற்றாமல், எல்.இ.டி.க்கென்றே கண்ணாடியும் வில்லையும் வடித்த முழு ஏழு அங்குல விளக்கை, நம் நாட்டின் இடப்புறப் போக்குவரத்துக்கு ஏற்றதா என்று பார்த்து வாங்குங்கள். வலப்புறம் ஓட்டும் நாட்டு விளக்கு, நம் சாலையில் எதிரே வருபவரின் பக்கம் ஒளியைத் தூக்கி அடிக்கும். மாட்டிய பிறகு கட்டாயம் மட்டம் பார்க்க வேண்டும். எஃப்.சி.க்கு வரும் வண்டிகளில் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதோடு நில்லாமல், ஒளிக்கோடு எங்கே நிற்கிறது என்பதையும் அதிகாரிகள் அளக்க வேண்டும்.

மட்டம் பார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. சமதளம், ஒரு சுவர், சுண்ணாம்புக்கட்டி, ஒரு டேப் போதும். வண்டியைச் சுவரிலிருந்து 8 மீட்டரில் நிறுத்தி, விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் கோடாக வரைந்து டிம் போட்டால், ஒளியின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். இடப்பக்கம் மட்டும் நடைபாதையைக் காட்டச் சற்று ஏறலாம். விளிம்பே தெரியாமல் சுவர் முழுவதும் வெள்ளையாகக் கலங்கினால், அந்தப் பல்பு அந்தக் கூட்டுக்கு ஏற்றதன்று. திருகுளி ஒன்று இருந்தால் ஏற்ற இறக்கத்தை அங்கேயே திருத்திவிடலாம்.

நம் கல்லூரியில் சுவருக்கா பஞ்சம்? இயற்பியல் துறையும் நாட்டு நலப்பணித் திட்டமும் சேர்ந்து தீபாவளிக்கு முந்திய மாதத்தில் ஒரு மாலை முகாம் நடத்தலாம். பட்டாசு ஆலைகளுக்கு ஆள் ஏற்றும் வேன்களையும், ஊரிலுள்ள பழைய கார்களையும் அழைத்து இலவசமாக மட்டம் பார்த்துக் கொடுக்கலாம். பேராசிரியர்கள் துணை நின்றால், ஒளியியல் பாடம் ஒரு மாலையில் நூறு ஓட்டுநர்களுக்குப் பயன்படும். குவியத்தையும் பரவளையத்தையும் தேர்வுத்தாளில் எழுதிவிட்டு மறப்பதற்காகவா எங்களைப் போன்ற வீடுகளிலிருந்து முதல் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள்?

சிவகாசியின் இரு பெரியவர்களும் கல்கத்தாவிலிருந்து வெறும் தீப்பெட்டியை மட்டும் வாங்கி வந்திருந்தால் ஒரு கடை பிறந்திருக்கும். தொழிலைக் கற்று வந்ததால் ஓர் ஊரே பிழைத்தது. புதிய விளக்கையும் அவ்வாறே வரவேற்போம். பெட்டியைப் பார்த்து வாங்காமல், கற்று, அளந்து, சோதித்து மாட்டுவோம். 'எதிரே வர்றவனுக்கு யாரு சொல்றது?' என்று ஓட்டுநர்கள் கேட்டால், 'நாங்கள் சொல்கிறோம்' என்று நம் கல்லூரி விடை சொல்லட்டும்.